கணக்கெடுப்பில் சம்பளம் இல்லை, கூரை இருக்கிறது

[திரையில்: ஆனையூரில் ஒரு தெரு. ஓட்டு வீடு, ஒட்டினாற்போல் மாடி வீடு.]

மதுரையில் யாரிடம் பணம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று செய்தி எழுத உட்காருகிறோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் திறந்து வருமானத்தைத் தேடினால் கிடைக்காது. உங்கள் சம்பளம் எவ்வளவு என்று அது யாரிடமும் கேட்பதில்லை.

அது கேட்பது வேறு. கூரை ஓலையா, ஓடா, கான்கிரீட்டா? எத்தனை அறை? குடிதண்ணீர் வீட்டுக்குள் வருகிறதா, தூரத்திலிருந்து சுமக்க வேண்டுமா? சமைப்பது விறகிலா, கேஸிலா? சைக்கிள், ஸ்கூட்டர், டிவி உண்டா? ஆட்களை எண்ணும் முன்பே வீடு வீடாகப் போய்க் கேட்கும் கேள்விகள் இவை. பணத்தைப் பற்றிய செய்தி இங்கேதான் கிடக்கிறது.

[திரையில்: 87, அதன் கீழே 48]

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 வீடுகளில் 87இல் டிவி இருந்தது. வீட்டு வளாகத்திலேயே கழிப்பறை இருந்தது 48இல்தான். நாடு முழுவதும் பார்த்தால் டிவி இருந்த வீடுகள் 100க்கு 47. இதை மட்டும் படிப்பவர் நம்மை வசதியான மாநிலம் என்று எழுதிவிடுவார். 2006 முதல் அரசு வண்ணத் தொலைக்காட்சியை இலவசமாகக் கொடுத்ததை அறிந்தவர் அப்படி எழுதமாட்டார். டிவியை வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்துவிடலாம். கழிப்பறைக்குச் சொந்தமாக இடம் வேண்டும், தண்ணீர் வேண்டும், கொத்தனாருக்குக் கூலி வேண்டும். அதனால் எனக்கு 87ஐவிட 48தான் பெரிய செய்தி.

[திரையில்: மேலூர் வயல், பிறகு உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காடு]

வேலை பற்றிய அட்டவணையையும் விட்டுவிடாதீர்கள். ஆண்டில் ஆறு மாதத்துக்கும் குறைவாக வேலை பார்த்தவர்களை அது தனியாகக் காட்டுகிறது. பெரியாறு பாசனம் பாயும் மேலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றையும், மழையை நம்பிய உசிலம்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றையும் எடுத்து, அந்த எண்களை அருகருகே வையுங்கள். ஏன் இந்த வித்தியாசம் என்ற கேள்வியோடு பஸ் ஏறுங்கள்.

ஓர் எச்சரிக்கை. 2011 கணக்கெடுப்பு சொல்லும் மதுரை மாநகராட்சியின் மக்கள்தொகை 10,17,865. அது பழைய 72 வார்டு மதுரை. ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் எல்லாம் அதில் தனித்தனி ஊர்கள். இன்றைய 100 வார்டு வரைபடத்தின் மேல் அந்த எண்ணை ஒட்டினால் செய்தியே தப்பாகிவிடும்.

எண்களும் பழையவை. 2021இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1 கணக்கு நாளாக அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனையோ வீடுகளில் கழிப்பறை வந்துவிட்டது. ஆகவே எண்ணை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டத்தான் வேண்டும்.

[திரையில்: தகரக் கதவு, மெதுவாகத் திறக்கிறது]

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் அப்படிக் கேட்டேன். "கக்கூஸ் இருக்கிறது தம்பி, வந்து பாருங்கள்" என்று அந்த அம்மா கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்த் தகரக் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே கூரை வரைக்கும் கருவேல விறகு அடுக்கியிருந்தது. ஊற்றத் தண்ணீர் இல்லை. விறகு நனையாமல் இருக்க வேறு இடமும் இல்லை.

கணக்கெடுப்பாளர் வந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன்.

"இருக்கிறது என்றுதான் சொல்வேன்."