மதுவைத் தொடாதவன் மனத்தை வென்றவனா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வேதாகமம் வலியுறுத்தும் தெளிந்த புத்தி மதுவை விலக்குவதில் இருக்கிறதா, மனத்தை ஆளுவதில் இருக்கிறதா என்ற கேள்விக்கு, மனத்தை ஆளுவதில்தான் என்று வாதிட வந்திருக்கிறேன். குடிக்கு வக்காலத்து வாங்குவதாக எவரும் எண்ண வேண்டாம். அடித்தார்கள், நோகவில்லை என்று உளறிக்கொண்டே, எப்போது விழித்து மறுபடியும் குடிக்கலாம் என்று கேட்கும் மனிதனை நீதிமொழிகள் 23ஆம் அதிகாரத்தில் பார்த்தவர் எவரும் அதற்குத் துணியமாட்டார்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், மூதாதையின் கட்டளைப்படி மது அருந்தாத குலத்தாரான ரேகாபியரையும், மதுவை விலக்கிக் கடவுளுக்கென்று விரதம் பூண்ட நசரேயரையும் சாட்சிக்கு அழைத்தார். தேவாலய அறையில் குடங்கள் நிறையத் திராட்சரசம் வைத்து, குடியுங்கள் என்று எரேமியா தீர்க்கதரிசி சொன்னபோதும் ரேகாபியர் மறுத்தது உண்மை. ஆனால், அதே மூதாதையின் கட்டளைப்படி அவர்கள் வீடு கட்டவில்லை, விதை விதைக்கவில்லை, கூடாரங்களிலேயே வாழ்ந்தார்கள் என்பதையும் எரேமியா புத்தகத்தின் அதே 35ஆம் அதிகாரம் சொல்கிறது. அவர்களுடைய மதுவிலக்கை எல்லாருக்கும் சட்டமாக்குகிற நண்பர், கூடார வாழ்வை மட்டும் ஏன் வசதியாக விட்டுவிட்டார்? கர்த்தர் அங்கே பாராட்டியது அவர்கள் தகப்பன் சொல்லைத் தட்டாததை. கண்டித்தது, தம் சொல்லைக் கேளாத யூதாவை.

நசரேய விரதத்துக்கு வருகிறேன். பிறப்பதற்கு முன்பே நசரேயனாகக் குறிக்கப்பட்ட சிம்சோன் குடித்து வெறித்ததாக வேதம் ஓரிடத்திலும் சொல்லவில்லை. ஆயினும், விடுகதைப் பந்தயத்தில் தோற்ற கோபத்தில் அஸ்கலோனுக்குப் போய் முப்பது பேரைக் கொன்று, அவர்களுடைய உடைகளைக் கொண்டுவந்து பந்தயத்தைத் தீர்த்தவன் அவன்தான். அவன் நேசித்த தெலீலாள் மூன்று முறை தன்னைக் காட்டிக்கொடுக்க முயன்றதைக் கண்ட பிறகும் அவளிடமே தன் பலத்தின் இரகசியத்தைச் சொன்னவனும் அவன்தான். விரதம் கிண்ணத்தைத் தடுத்தது, கோபத்தையும் இச்சையையும் தடுக்கவில்லை.

மது ஏன் கூடாது என்பதற்கு, நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தில் ராஜாவாகிய லேமுவேலின் தாய் மகனுக்குச் சொன்ன காரணம் என் அணிக்கே பலம் சேர்க்கிறது. குடித்தால் ராஜாக்கள் நியாயப்பிரமாணத்தை மறந்து, சிறுமைப்பட்டவர்களின் நியாயத்தைப் புரட்டுவார்கள் என்கிறாள். அவள் காக்க நினைப்பது எளியவனுக்குரிய தீர்ப்பை. அந்தத் தீர்ப்பைப் புரட்டக் குடிதான் வேண்டுமா? அப்போஸ்தலர் நடபடிகள் 24ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். ரோமத் தேசாதிபதி பேலிக்ஸ் தன் மனைவி துருசில்லாளுடன் அமர்ந்து, கைதியான அப்போஸ்தலன் பவுலை அழைத்துக் கேட்கிறான். நீதி, இச்சையடக்கம், இனிவரும் நியாயத்தீர்ப்பு என்று பவுல் பேசப் பேச, பேலிக்ஸ் பயந்து, இப்போது போகலாம், சமயமானபோது அழைப்பேன் என்கிறான். பயப்படும் அளவுக்கு அவன் புத்தி தெளிவாகவே இருந்தது! சமயமும் அடிக்கடி வந்தது. பவுலிடமிருந்து பணம் கிடைக்கும் என்று எதிர்பார்த்து, அவரைப் பலமுறை அழைத்துப் பேசினான். இப்படியே இரண்டு ஆண்டுகள் ஓடின. பதவி கைமாறியபோதும், யூதருக்குப் பிரியம் செய்ய மனங்கொண்டு, பவுலைக் காவலிலேயே விட்டுப்போனான். இதில் எந்த இடத்திலும் மதுக்கிண்ணம் இல்லை, நடுவர் அவர்களே. இருந்தவை பண ஆசையும், கூட்டத்தின் தயவுக்கான ஆசையும்.

மதுவை விட்டதையே அளவுகோலாகக் கொண்டால், இந்தப் பேலிக்ஸை எந்த வரிசையில் நிறுத்துவது? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு ரேகாபியரிடம் திரும்பட்டும்.