ஊர்ப்பாதை அ-பதிவேட்டில் ஏறியிருக்கிறதா?

வணக்கம் நேயர்களே. நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் நடுவே இருக்கிற கிராமங்களில்தான் என் உத்தியோக காலம் பெரும்பாலும் போனது. அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் எந்த ஊருக்குப் போனாலும், இந்த ரோடு யார் இடத்தில் போகிறது என்று கேட்டுவிடுவேன். "கவர்மெண்ட் இடம்தாங்க, புறம்போக்கு" என்பார்கள். அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. கவர்மெண்ட் இடம் என்றால் நம் இடம், யாரும் மறிக்கமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் பல ஊர்கள் பாதையை இழந்திருக்கின்றன, இன்னும் இழந்துகொண்டிருக்கின்றன.

ஒரு சாதாரண டெல்டா கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவை விட்டு வெளியே வந்தால் நத்தம், அதாவது குடியிருப்பு இடம், முடிகிறது, கொஞ்ச தூரம் வண்டிப்பாதை, அப்புறம் ஒரு பாசன வாய்க்கால் கரை, ஒரு மதகு, பிறகு ஆற்றங்கரை, அந்தக் கரையிலேயே ஒரு மைல் போனால் மெயின் ரோடு. நடக்கிறவருக்கு அது ஒரே பாதை. பதிவேட்டில் பார்த்தால் வண்டிப்பாதை ஊராட்சிக்கு, கரை நீர்வளத்துறைக்கு, மெயின் ரோட்டு ஓரத்துப் பள்ளம் நெடுஞ்சாலைத் துறைக்கு. நடுவில் தண்டவாளம் வந்தால் ரயில்வே, அது மத்திய அரசு. வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கம் என்றால் வனத்துறையும் சேர்ந்துகொள்ளும். இதில் கோயில் நிலத்தையும் பல பேர் அரசு நிலம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சாமியின் சொத்து, அறநிலையத் துறை அதற்கு நிர்வாகம் மட்டும்தான், 1959ஆம் வருஷச் சட்டப்படி அதற்கு வழிமுறை தனி. இன்றைக்கு நான் அதற்குள் போகவில்லை, அரசு நிலத்தோடு நிற்கிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். 1905ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது, பி மெமோ என்கிற ஆக்கிரமிப்பு நோட்டீஸ் கொடுப்பது எல்லாம் அதை வைத்துத்தான். அந்தச் சட்டத்தின் 2ஆவது பிரிவுதான் ரோடு, தெரு, சந்து, பாதை, பாலம், ஆற்றுப் படுகை, வாய்க்கால் எல்லாம் அரசின் சொத்து என்று சொல்கிறது. அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்கிறது: பொதுமக்களுக்கு உள்ள வழி உரிமைக்கும், மற்ற பொது உரிமைகளுக்கும், வழக்கத்தால் வந்த உரிமைகளுக்கும் உட்பட்டுத்தான் அவை அரசின் சொத்து என்கிறது. முதல் பாதியை எல்லாரும் எடுத்துக் காட்டுவார்கள். இரண்டாவது பாதியை நாம்தான் எடுத்துக் காட்ட வேண்டும். "இது எங்கள் துறை இடம், உங்களுக்கு வழி கிடையாது" என்று ஒரு அதிகாரி சொன்னால், வழி ஏற்கெனவே இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம்.

1994ஆம் வருஷத்து ஊராட்சிச் சட்டமும் நமக்குத் துணை. நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, ஒன்றியச் சாலை தவிர்த்து ஊருக்குள் இருக்கிற பொதுச் சாலை எல்லாம் கிராம ஊராட்சியைச் சேரும் என்று அது சொல்கிறது. பொதுச் சாலை என்றால் தார் போட்டது மட்டும் என்று நினைக்காதீர்கள். மக்களுக்கு நடக்க உரிமை உள்ள வண்டித்தடமும் ஒற்றையடிப் பாதையும் அந்த விளக்கத்துக்குள் வருகின்றன.

சரி, உரிமை சட்டத்தில் இருக்கிறது. நம் பாதை காகிதத்தில் இருக்கிறதா? அதற்குப் பார்க்க வேண்டியது கிராம வரைபடம், ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உள்ள அளவுப் படமான புலப்படம், அ-பதிவேடு. அ-பதிவேட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் அது என்ன நிலம் என்று எழுதியிருக்கும்: புறம்போக்கு என்று போட்டு, குறிப்பில் பாதை, வாய்க்கால், களம் என்று இருக்கும். பாதைக்குத் தனி எண்ணோ தனி உட்பிரிவோ இருந்தால் உங்கள் நிலைமை பலமானது. பல ஊர்களில் அப்படி இருக்காது. படத்தில் புள்ளிக்கோடாக ஒரு தடம் போகும், பதிவேட்டில் அந்த எண் முழுவதும் தரிசு என்றோ இன்ன துறைக்கு என்றோ இருக்கும். புள்ளிக்கோடு, அங்கே மனிதர்கள் நடந்தார்கள் என்பதற்குச் சாட்சி. ஆனால் அதற்கு அகலமும் கிடையாது, பரப்பும் கிடையாது. நாளைக்கு அந்த எண்ணை ஒரு அலுவலகம் கட்டவோ கிட்டங்கி கட்டவோ கொடுக்கும்போது, உத்தரவு தயாரிக்கிறவர் பதிவேட்டைத்தான் பார்ப்பார், படத்தைப் பார்ப்பார் என்று சொல்ல முடியாது.

1980களில் யுடிஆர் என்கிற நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. அப்போது பழைய பதிவேட்டில் இருந்த சில பாதைகள் புதியதில் விட்டுப்போயின, அல்லது பக்கத்து எண்ணோடு சேர்ந்துபோயின. அதனால் இப்போதைய நகலை மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டு "எங்கள் பாதை பதிவிலேயே இல்லை" என்று ஓய்ந்துவிடாதீர்கள். யுடிஆருக்கு முந்தைய பதிவேட்டு நகலையும் பழைய புலப்படத்தையும் கேளுங்கள். தாலுகா அலுவலகத்தில் தரத் தயங்கினால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். யுடிஆர் பிழையைத் திருத்த கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் அளவில் வழி இருக்கிறது.

பழைய படத்தில் அளவு லிங்க்ஸில் இருக்கும். நூறு லிங்க்ஸ் ஒரு சங்கிலி, 66 அடி. வண்டிப்பாதை 15 லிங்க்ஸ் என்று போட்டிருந்தால் பத்து அடிக்கு ஒரு விரல் குறைவு, மீட்டரில் சொன்னால் மூன்று. மாட்டுவண்டிக்கு அது போதும். இன்றைக்குப் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் தார்ப்பகுதி மட்டும் 3.75 மீட்டர், போக்குவரத்து குறைந்த இடத்தில் 3 மீட்டர். இரண்டு பக்க ஓரத்தையும் சேர்த்தால் ஆறு, ஏழரை மீட்டர் ஆகிவிடும். மிச்ச அகலம் எங்கிருந்து வரும்? பட்டா நிலத்திலிருந்தோ பக்கத்துப் புறம்போக்கிலிருந்தோதான் வர வேண்டும். அந்தத் திட்டத்தில் நிலம் வாங்கப் பணம் தரமாட்டார்கள், இடம் இருக்கிறது என்று மாநிலம்தான் காட்ட வேண்டும். இடம் காட்ட முடியாத ரோடு தள்ளிப்போகும். அறுவடை மிஷின் வயலுக்கு இறங்க முடியாமல் தாளடி சாய்ந்து கிடப்பதையும், கொள்முதல் நிலையத்துக்கு மூட்டையைத் தலைச்சுமையாகக் கொண்டுபோவதையும் பார்த்தவர்களுக்கு இந்த மூன்று மீட்டர் கணக்கின் வலி தெரியும்.

இனி ஆற்றங்கரைக்கு வருகிறேன். நம் பகுதியில் பாதி ஊர்களுக்குக் கரைதான் ரோடு. குடமுருட்டி, வெட்டாறு, அரசலாறு, பாமணியாறு, கோரையாறு, 1934இல் திறந்த கல்லணைக் கால்வாய், எதை எடுத்தாலும் கரைமேல் ஒரு தடம் இருக்கும். அது முதலில் இன்ஜினியர்களும் லஸ்கர்கள் என்கிற கரைக் காவல் ஊழியர்களும் கரையைப் பார்வையிடப் போன தடம், பிறகு ஊரின் தடமானது. இங்கே நான் உறுதியாக ஒன்றைச் சொல்கிறேன், சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். கரையின் வகைப்பாட்டை மாற்றி ரோடாக்கிக் கொடுங்கள் என்று மனு எழுதாதீர்கள். நீர்நிலைப் புறம்போக்கை வேறு வகைக்கு மாற்றுவதை நீதிமன்றங்கள் கடுமையாகப் பார்க்கின்றன, பார்க்கவும் வேண்டும். கரை கரையாகவே இருக்கட்டும். அதன்மேல் ரோடு போட்டுப் பராமரிக்க நீர்வளத்துறையின் எழுத்துபூர்வ அனுமதியை ஊராட்சி பெயரிலோ ஒன்றியத்தின் பெயரிலோ கேளுங்கள். அகலம் என்ன, எந்த மைலிலிருந்து எந்த மைல் வரை, யார் பராமரிப்பு, எவ்வளவு பாரம் உள்ள வண்டி போகலாம், எல்லாம் அதில் வர வேண்டும். கரைச் சரிவை வெட்டக் கூடாது, உடைப்பு வந்தால் ரோட்டை வெட்டிப் போட எங்களுக்கு உரிமை உண்டு என்று துறை நிபந்தனை போடும். நியாயமான நிபந்தனைதான், ஒத்துக்கொள்ளுங்கள். அதோடு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: கரை வேலை முடிந்ததும் பாதையைப் பழைய அகலத்துக்கே திரும்ப அமைத்துத் தர வேண்டும் என்று. அந்த வரி இல்லாமல்தான் கரையைப் பலப்படுத்த மண் கொட்டி உயர்த்திய இடங்களில் ஊரார் சறுக்கிச் சறுக்கி ஏறி இறங்குகிறார்கள்.

இன்ஜினியரிடம் பேசும்போது அவர் பக்கத்து நன்மையையும் சொல்லுங்கள். ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் ஏறிக் கரை உடைத்துக்கொண்டால் மணல் மூட்டையும் சவுக்குக் கட்டையும் ஏற்றிய லாரி அந்த இடத்துக்குப் போக இதே ரோடுதான் வேண்டும். நல்ல கரை ரோடு இருக்கிற இடத்தில் உடைப்பைச் சீக்கிரம் அடைக்கலாம். இது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இன்னொன்று, வேலைக்கான காலம் ரொம்பக் குறைவு. மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12 திறந்துவிட்டால் அப்புறம் கரையில் கை வைக்க விடமாட்டார்கள். எனவே அனுமதிக் காகிதம் தை, மாசியிலேயே கையில் இருக்க வேண்டும்.

ரோடு வேண்டும் என்பதற்காகக் கன்னி வாய்க்கால் என்கிற சின்னக் கிளை வாய்க்காலையோ வடிகாலையோ தூர்த்து அதன்மேல் போடச் சம்மதிக்காதீர்கள். போகிற போக்கில் ஒரு சின்னக் குழாயைப் புதைத்துவிட்டு மதகு போட்டாயிற்று என்பார்கள். அடுத்த மழையில் மேலே இருக்கிற வயல் பத்து நாள் தண்ணீரில் நிற்கும். தண்ணீருக்கு உள்ள வழியை மறித்து நமக்கு வழி கேட்பது நியாயமும் இல்லை, சட்டத்திலும் நிற்காது.

ஒரு துறை கையில் இருக்கிற நிலத்தில் வழி கேட்டால் மூன்று விதமான காகிதம் கிடைக்கலாம். தடையில்லாச் சான்று, நிபந்தனையோடு அனுமதி, நில மாற்றம். தடையில்லாச் சான்று என்பது இன்றைக்கு ஆட்சேபணை இல்லை என்பது மட்டும்தான், அதை வைத்து ரோடு போடலாம், உரிமை கொண்டாட முடியாது. நில மாற்றம் என்றால் வருவாய்த்துறை வழியாக அந்தத் துண்டு உட்பிரிவு செய்யப்பட்டு, பாதை என்று அ-பதிவேட்டில் ஏறிவிடும். கரைக்கு அனுமதியோடு நிற்கலாம் என்றேன். மற்ற இடங்களில், தரிசு, அரசுப் பண்ணை, அலுவலக வளாகம் போன்றவற்றில், நில மாற்றத்தையே கேளுங்கள். ஓர் ஊரில் அரசு வளாகம் ஒன்றைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். தலைமுறை தலைமுறையாக அதன் நடுவே நடந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் அன்றிலிருந்து சுற்றிப் போனார்கள். ரோடு சரளை போட்ட ரோடுதான், பஞ்சாயத்துப் பணத்தில் போட்டது. ஆனால் ஊரிடம் இருந்தது பழைய அதிகாரி ஒருவர் கொடுத்த ஒரு பக்கத் தடையில்லாச் சான்று மட்டும். புதியவர் வந்தார், மதில் வந்தது. கடைசியில் பழைய புலப்படத்தில் இருந்த தடத்தைக் காட்டித்தான் மதிலில் ஒரு வாசல் வாங்க முடிந்தது. உட்பிரிவு இருந்திருந்தால் மதிலே அந்த இடத்தில் எழும்பியிருக்காது.

இதெல்லாவற்றையும்விட எனக்கு மனசு பொறுக்காதது சுடுகாட்டுப் பாதை. சம்பா நட்ட வயலில், இடுப்பளவு வாய்க்காலில் பிணத்தைச் சுமந்துகொண்டு இறங்கும் படத்தை வருஷாவருஷம் நம் பத்திரிகைகளில் பார்க்கிறோம். பெரும்பாலும் அது தலித் மக்களின் தெருவாகத்தான் இருக்கிறது. சுடுகாடு புறம்போக்கு என்று பதிவாகியிருக்கும், அதற்குப் போகும் பாதை பதிவாகியிருக்காது. சுடுகாட்டுக்கு இடம் ஒதுக்கியவர்கள் அங்கே எப்படிப் போவது என்று எழுதாமல் விட்டார்கள். பக்கத்தில் வாய்க்கால் கரையோ அரசுத் தரிசோ இருந்தால், முதலில் அந்த ஊரின் பாதைக்குத்தான் அளவை நடக்க வேண்டும். கிராம சபையில் மற்ற ரோடுகளுக்கு முன்னால் இதை எழுதுங்கள். அந்தப் புறம்போக்கில் ஒரு ஏழை பயிர் வைத்திருந்தால் அவரை விரட்டுவதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாமல், அவருக்கு மாற்று இடமும் கேளுங்கள். இரண்டு ஏழைகளை மோதவிட்டு ஒரு பாதை வர வேண்டியதில்லை.

வனத்துறை இடம் பற்றிச் சுருக்கமாக. ஒரு ஹெக்டேருக்கும் குறைந்த இடமாக, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல் இருந்தால், 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தில் கிராம சபை பரிந்துரையோடு ரோடு கேட்க இடம் உண்டு. கோடியக்கரை மாதிரி சரணாலயம் என்றால் வனவிலங்குச் சட்டமும் குறுக்கே வரும். அங்கே பொறுமையாகத்தான் போக வேண்டும்.

இருக்கிற பொதுப் பாதையை யாராவது மறித்துவிட்டால், கோட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆவது பிரிவு என்பார்கள், 2024 ஜூலை முதல் வந்த புதிய சட்டத்தில் அது 152. அடைப்பை எடுக்கச் சொல்லி உத்தரவிட அவருக்கு அதிகாரம் இருக்கிறது. நீதிமன்றத்துக்குப் போனால், அரசு நிலத்தில் வழிப் பாத்தியதை கோரத் தனி ஒருவருக்கு முப்பது வருஷ அனுபவம் காட்ட வேண்டும், தனியார் நிலத்துக்கு இருபது. ஊர் முழுக்க நடக்கிற பொதுவழிக்கு அந்தக் கணக்கு வேண்டியதில்லை, பொதுவழி என்று நிரூபித்தால் போதும். அதற்குப் பழைய படம், ஊராட்சி செலவு செய்த ரசீது, வயதானவர்களின் வாக்குமூலம் எல்லாம் உதவும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், கிராம சபையில் தொடங்குங்கள். இப்போது வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. தீர்மானத்தில் "ரோடு வேண்டும்" என்று மட்டும் எழுதாமல் சர்வே எண், நீளம், அகலம், எந்தத் துறை இடம் என்று எழுதுங்கள். அதன் நகலோடு வட்டாட்சியரிடம் உட்பிரிவுக்கும், வட்டார வளர்ச்சி அலுவலரிடம் ஊராட்சிச் சாலைப் பதிவேட்டில் சேர்க்கவும் தனித்தனியாக மனுப் போடுங்கள். பசலி என்கிற வருவாய் ஆண்டு முடிகிற மே, ஜூனில் ஜமாபந்தி, அதாவது கிராமக் கணக்குத் தணிக்கை, வரும், அங்கே கிராமக் கணக்கு எல்லாம் மேஜைமேல் இருக்கும். உங்கள் பாதையின் பக்கத்தை அன்றைக்கே திறந்து காட்டச் சொல்லலாம். உத்தரவு வந்தால் அதன் நகலை ஊராட்சி அலுவலகத்தில் மட்டும் வைக்காமல் ஊரில் நாலு வீட்டிலாவது வைத்துக்கொள்ளுங்கள். தலைவர் மாறுவார், கிராம நிர்வாக அலுவலர் மாறுவார். பதிவேட்டில் திருத்தம் ஏறிவிட்டதா என்பதை அடுத்த ஜமாபந்தியில் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நன்றி, வணக்கம்.