ஏட்டுச் சுரைக்காயும் ஓர் அழுகிய கத்தரிக்காயும்

(அட்டன் பகுதித் தமிழ்ப் பாடசாலை ஒன்றின் விஞ்ஞான தின விழாவில் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை தாங்கும் மதிப்புக்குரிய அதிபர் அவர்களே, மழையையும் மண்சரிவு எச்சரிக்கையையும் பொருட்படுத்தாமல் வருகை தந்திருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளர் ஐயா அவர்களே, பிரதேச சபைத் தவிசாளர் அவர்களே, இந்த மண்டபத்துக்குக் கதிரைகள் கொண்டுவர லொறி தந்துதவிய தோட்ட முகாமையாளர் அவர்களே, காலையில் பூசை முடித்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் குருக்கள் ஐயா அவர்களே, அருட்தந்தை அவர்களே, மௌலவி அவர்களே, பழைய மாணவர் சங்கத்தினரே, அட்டன் நகர வர்த்தகப் பெருமக்களே, என்னோடு ஒரே ஓய்வறையில் இருந்து தேநீர் குடித்த ஆசிரியத் தோழர்களே, இன்றைய ஒரு நாள் பேரை, அதாவது நாட்சம்பளத்தை, இழந்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மாரே, எல்லோருக்கும் மேலாக மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பணிப்பாளர் ஐயாவுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மேடைக்கு ஏறுமுன் அவர் மாணவர் கண்காட்சியை முழுமையாகச் சுற்றிப் பார்த்தார். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி போத்தலில் வளர்த்த பாசியைக் காட்டியபோது குனிந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நெருங்கிப் பார்த்தார். அந்தப் பிள்ளை இதை வாழ்நாள் முழுதும் மறக்கமாட்டாள். அவருக்கு ஒருமுறை கைதட்டுங்கள்.

உயிரியல் ஆராய்ச்சியிலும் கல்வியிலும் அண்மைக்காலத்தில் நடந்தவற்றைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு விடயங்களை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது மரபணுத் திருத்தம். இரண்டாவது புரத ஆராய்ச்சியில் கணினி. மூன்றாவது நமது மலைக்காடுகளில் புதிதாக அறியப்பட்டுவரும் உயிரினங்கள். நான்காவது உயிரியலை எப்படிப் படிப்பிப்பது என்பது. என்னை அறிந்தவர்களுக்கு, நான் எங்கே சுற்றினாலும் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழியில்தான் வந்து நிற்பேன் என்று தெரியும். இன்றும் அப்படித்தான்.

முதலில் மரபணுத் திருத்தம். பற்றீரியாவைத் தாக்கும் வைரசுகள் இருக்கின்றன. தப்பிப் பிழைத்த பற்றீரியா, தாக்கிய வைரசின் டீஎன்ஏயில் ஒரு துண்டைத் தன் உடலிலேயே சேமித்து வைக்கிறது. அதே வைரசு மறுபடி வந்தால் அந்தத் துண்டை வைத்து அடையாளம் கண்டு வெட்டிவிடுகிறது. கிரிஸ்பர் என்று நாம் சொல்வது இந்தத் தற்காப்பைத்தான். ஜெனிபர் டவுட்னாவும் இமானுவேல் சார்ப்பென்டியேயும் 2012இல் அதை நாம் விரும்பிய இடத்தில் வெட்டும் கருவியாக மாற்றிக் காட்டினார்கள். 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. தாய்மாருக்கு விளங்கும்படி சொல்வதானால், ஆயிரம் இலை இருக்கும் தேயிலைச் செடியின் மேட்டத்தில் உங்கள் விரல் இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கே என்று பார்த்துக் கிள்ளுகிறதே, அந்தத் துல்லியம்தான்.

2023 நவம்பரில் பிரித்தானியா இந்த முறையிலான சிகிச்சை ஒன்றுக்கு முதன்முதலாக அனுமதி கொடுத்தது. பிறவியிலேயே வரும் இரத்த நோய்களான அரிவாட்கல நோய்க்கும் தலசீமியாவுக்கும் உரியது அது. தலசீமியா எங்கோ உள்ள நோயல்ல. மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகள் நமது நாட்டிலும் இருக்கிறார்கள். 2025இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிறவிக் குறைபாடுள்ள ஒரு கைக்குழந்தைக்கு, அந்தக் குழந்தை ஒன்றுக்காகவே ஒரு மருந்தைச் சில மாதங்களில் வடிவமைத்துச் செலுத்தினார்கள். விலை இன்று ஏழைக்கு எட்டாது. எட்டச் செய்வது யார் வேலை என்ற கேள்வியையும் இந்த மண்டபத்திலுள்ள பிள்ளைகளிடமே விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது விடயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு புரதம் எப்படி மடிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க முன்பு ஓர் ஆய்வாளரின் பல ஆண்டுகள் போய்விடும். அல்பாபோல்ட் என்ற கணினிச் செயலி 2022ஆம் ஆண்டளவில் இருபது கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் வடிவத்தைக் கணித்து, யாரும் இலவசமாகப் பார்க்கும்படி வைத்துவிட்டது. 2024இன் வேதியியல் நோபல் பரிசு இந்தத் துறைக்குத்தான். இங்கே ஒரு பெயரையும் சொல்ல ஆசை. கலத்துக்குள் புரதம் உருவாகும் இடமான இறைபோசோமை ஆராய்ந்து 2009இல் நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர். பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற பிறகு உயிரியலை அடியிலிருந்து படித்தவர். வயது போய்விட்டது, பிரிவு மாறமுடியாது என்று சொல்லும் பிள்ளைகள் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் ஆசையோடு சொல்ல வந்த செய்தி. தென்னாபிரிக்காவின் டேர்பனில் 2010இல் ஒரு மாணவி. பற்றீரியாவைத் தின்னும் வைரசுகளைத் தேடுவது அவர்களுக்கு வகுப்புப் பயிற்சி. மண், உரக்குவியல் என்று மாணவர்கள் தேடினார்கள். இவள் எடுத்தது ஓர் அழுகிய கத்தரிக்காய். அதிலிருந்து பிரித்தெடுத்த வைரசுக்கு, சேறு படிந்தது என்று பொருள்படும் 'மடி' (Muddy) என்ற ஆங்கிலப் பெயரை வைத்து, அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் உள்ள சேகரிப்பில் சேர்த்தார்கள். ஆண்டுகள் ஓடின. லண்டனில் பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி, நுரையீரல் மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு, எந்த மருந்துக்கும் மசியாத பற்றீரியாத் தொற்றில் படுத்துவிட்டாள். வைத்தியர்கள் கைவிட்ட நிலை. அப்போது அந்தச் சேகரிப்பிலிருந்து மூன்று வைரசுகளை எடுத்து, அவற்றில் இரண்டின் மரபணுவைத் திருத்தி, அவள் உடலில் செலுத்தினார்கள். திருத்தம் எதுவும் தேவைப்படாமல் அப்படியே வேலை செய்த ஒன்று எது தெரியுமா? கத்தரிக்காயில் கிடைத்ததுதான். சிறுமி தேறி வீட்டுக்குப் போனாள். 2019இல் இந்தச் சிகிச்சை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஆனால் கையால் தொட்டுப் பார்த்த ஓர் அழுகிய கத்தரிக்காய் ஓர் உயிருக்கு உதவியது! அதைக் கண்டெடுத்தது பேராசிரியர் அல்ல. மாணவி. அவள் கையில் ஓர் ஆய்வுகூடம் கொடுக்கப்பட்டிருந்தது.

நம் கதைக்கு வருவோம். நம் முன்னோர் இந்த மலைக்கு வந்தது தேயிலைக்கு அல்ல, கோப்பிக்கு. 1869இல் கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் தெரிந்தது. துரு நோய். ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்ற பங்கசு. மார்ஷல் வாட் என்ற இளம் தாவரவியலாளர் 1880இல் வந்து இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து, மலைமலையாக ஒரே பயிரை நட்டதுதான் பங்கசுக்கு வழி திறந்தது என்று சொன்னார். அதற்குள் கோப்பி அழியத் தொடங்கியிருந்தது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. கண்ணுக்குத் தெரியாத ஒரு பங்கசு ஒரு சமூகத்தின் வாழ்க்கையையே திருப்பிப்போட்டது. அதைப் பற்றி அந்தச் சமூகத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நம் வரலாற்றில் எத்தனையோ அநீதிகள். இதையும் ஓர் அநீதியாகவே நான் எண்ணுகிறேன்.

நான் முன்னர் படிப்பித்த ஒரு பாடசாலையில் ஒரு நுணுக்குக்காட்டி இருந்தது. அன்பளிப்பாக வந்தது. மரப்பெட்டிக்குள் வைத்து, பெட்டியை அலுமாரிக்குள் வைத்து, அலுமாரியைப் பூட்டி, சாவியை மேசை இழுப்பறைக்குள் போட்டு, இழுப்பறையையும் பூட்டியிருந்தார்கள். ஆண்டு முடிவில் பொருட்கணக்கெடுப்புக்கு வருபவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்து, பதிவேட்டில் சரி அடையாளமிட்டுவிட்டுப் போவார்கள். பிள்ளைகள் கையில் கொடுத்து உடைந்துவிட்டால் யார் பணம் கட்டுவது என்ற பயம். பிள்ளைகளோ நுணுக்குக்காட்டியின் படத்தை அழகாக வரைந்து, பாகம் குறித்து, முழுப் புள்ளியும் வாங்கினார்கள். ஒருவரும் அதன் வழியாக ஒரு கலத்தைக்கூடப் பார்த்ததில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்த அலுமாரிக்கு முன்னால் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

புதிய அதிபர் ஒருவர் வந்தார். கேட்டவுடன் சாவியைத் தந்தார். அன்று பெற்றோர் கூட்டம். ஒரு தாய் கொழுந்து நிறுத்துவிட்டு நேராக வந்திருந்தார். இடுப்பில் படங்கு, தோளில் ஈரம் காயாத கூடை. ஆய்வு மேசையில் நாங்கள் வெங்காயத் தோலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை வாசலில் நின்று கவனித்தார். பிறகு கூடைக்குள் கைவிட்டு ஒரு தளிர் இலையை எடுத்து நீட்டி, "சேர், இதையும் பாருங்கள்" என்றார். இலையின் மேற்புறம் குழிந்து, அடிப்புறம் வட்டமாகப் புடைத்து, வெள்ளை வெல்வெட்டுத் துணி போல இருந்தது. கொப்புள நோய். 1946இல் இந்த நாட்டுத் தேயிலைக்கு வந்து சேர்ந்த பங்கசு.

அந்த வெள்ளையைச் சுரண்டி ஒரு துளி நீரில் வைத்து, மேலே மூடிக் கண்ணாடி வைத்தோம். நிறமில்லாத சின்னச் சின்ன வித்திகள் கூட்டமாகத் தெரிந்தன. பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்து முடிந்ததும் அந்தத் தாயை அழைத்தேன். முதலில் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார், எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பிறகு ஒரு கண்ணைத் திறந்து வைத்து நெடுநேரம் நிமிரவே இல்லை. நிமிர்ந்ததும் அவர் பேசத் தொடங்கினார் பாருங்கள்! "இது ஆற்றோரத்து மலையில்தான் முதலில் வரும் சேர். பனிமூட்டம் நாலைந்து நாள் இருந்தால் ஒரே வெள்ளையாகிவிடும். கவ்வாத்து வெட்டிப் புதுத்தளிர் விடும் மலையில் கூடுதலாக வரும். முற்றிய இலையைத் தொடாது. நல்ல வெயில் விழுந்தால் நின்றுவிடும்."

ஒரு வார்த்தை பிழையில்லை. இந்தப் பங்கசின் வித்தி முளைக்க ஈரம் வேண்டும், அது இளந்தளிரை மட்டுமே தாக்கும், வெயில் பட்டால் இறந்துவிடும். பாடநூல் பக்கம் பக்கமாகச் சொல்வதை அவர் மலையில் நின்று கண்டிருந்தார். அவருடைய மகள் வகுப்பில் இருந்தாள். தாய் சொன்னதை அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டாள். அதன் பிறகு அந்த வகுப்பு வாரந்தோறும் மழையையும் வெயிலையும் குறித்து, ஒரே மலையில் கொப்புளங்களை எண்ணிப் பதிவு செய்தது. ஆராய்ச்சி என்பது வேறென்ன?

அந்த மகள் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்தில் ஏ சித்தி பெற்றாள். உயர்தரத்தில் கலைப் பிரிவில் சேர்ந்தாள். கலைப் பிரிவைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. அவள் அதை விரும்பிச் சேரவில்லை என்பதைச் சொல்லவே வந்தேன். அந்தப் பாடசாலை 1சி தரம், அதாவது உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு இல்லாத தரம். உயிரியல் பிரிவு இல்லை. விஞ்ஞானப் பிரிவுள்ள 1ஏபி பாடசாலைக்குப் போவதானால் இரண்டு பஸ் மாறவேண்டும், அல்லது விடுதியில் தங்கவேண்டும், அதற்கு மேல் மாலை வகுப்புக் கட்டணம். நாட்சம்பளத்தில் அது நடக்கிற காரியமா?

அட்டனிலிருந்து தலவாக்கலைக்கு எவ்வளவு தூரம்? 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் அங்கேதான் இருக்கிறது. தேயிலையின் மரபணுத் தொகுதியைச் சீன ஆய்வாளர்கள் 2017இல் படித்து வெளியிட்டார்கள். ஏறத்தாழ முந்நூறு கோடி எழுத்துகள். மனிதனுடையதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். உலகமே தேயிலையை எழுத்தெழுத்தாகப் படிக்கிறது. இருநூறு ஆண்டுகளாக இந்த மலைகளில் உழைத்தவர்களின் பிள்ளைகள் அதைப் படிக்க ஒரு வகுப்பறை இல்லை என்றால் அதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? உயிரியல் என்றால் வைத்தியர் மட்டும் என்ற எண்ணத்தையும் பெற்றோர் விடவேண்டும். தாவர நோயியல், விவசாயம், மருத்துவ ஆய்வுகூடம், தாதியர் சேவை, வனவிலங்குப் பாதுகாப்பு, எல்லாவற்றுக்கும் வாசல் இதுதான்.

மூன்றாவது விடயமான மலைக்காட்டு உயிரினங்களுக்கு நேரம் போதவில்லை. ஹோர்ட்டன் சமவெளிப் பகுதியில் வாற்பேய் நிலையே இல்லாமல் முட்டைக்குள்ளேயே குட்டித் தவளையாகிவிடும் தவளைகள் இருக்கின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் சுருக்குக் கம்பியில் சிக்கி ஒரு கருஞ்சிறுத்தை இறந்துபோனது. இவற்றை மட்டும் சொல்லி, மிகுதியை இன்னொரு மேடைக்கு வைக்கிறேன்.

பணமில்லை என்று சொல்வார்கள். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் மனு பிரகாஷ் குழுவினர் கடதாசியை மடித்துச் செய்யும் நுணுக்குக்காட்டியை 2014இல் அறிமுகப்படுத்தினார்கள். மூலப்பொருட்களுக்கு ஆகும் செலவு ஒரு டொலருக்கும் குறைவு. நூற்று நாற்பது மடங்கு பெரிதாக்கிக் காட்டும். கீழே விழுந்தாலும் உடையாது. நான் கேட்பது ஆகாயத்தை அல்ல.

பணிப்பாளர் ஐயா அவர்களே, இந்தப் பாடசாலையை 1ஏபி தரத்துக்கு உயர்த்தும் கோரிக்கையை அமைச்சுக்கு அனுப்பிவையுங்கள். தமிழ் மொழிமூல உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆசிரியர்களை நியமித்து, நியமனம் பெற்றவர் இடமாற்றம் கேட்டால் அவருக்குப் பதிலாக இன்னொருவர் வந்த பிறகே விடுவிக்கும்படி எழுத்தில் உறுதி தாருங்கள். அதுவரை நமது பிள்ளைகள் மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது பக்கத்து 1ஏபி பாடசாலையின் ஆய்வுகூடத்தைப் பயன்படுத்த அனுமதி பெற்றுத் தாருங்கள். முகாமையாளர் அவர்களே, அந்தச் சனிக்கிழமைக்கு அதே லொறியைக் கேட்கிறோம். வர்த்தகப் பெருமக்களே, கடதாசி நுணுக்குக்காட்டி ஒரு வகுப்புக்கு ஒரு பெட்டி, அவ்வளவுதான். ஏட்டுச் சுரைக்காயை வைத்துக்கொண்டு எவ்வளவு காலம் அடுப்பு மூட்டுவது?

இந்தக் கோரிக்கைகளை மனுவாக எழுதி முடித்தாயிற்று. மண்டப வாசலில் இருக்கும் மேசையில் பழைய மாணவர் சங்கச் செயலாளர் அதை வைத்திருக்கிறார். தேநீருக்குப் போகுமுன் பெற்றோர் ஒவ்வொருவரும் கையெழுத்திடுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாத அம்மாமார் தயங்கவேண்டாம், மைப்பெட்டி இருக்கிறது, பெருவிரல் போதும். தாய், தந்தை இருவரும் தனித்தனியாகப் போடலாம். திங்கட்கிழமை அதிபரும் நானும் அதை வலயப் பணிமனைக்கு எடுத்துச் செல்கிறோம். நன்றி, வணக்கம்.