பேசும் முன் கூட்டத்திடம் என்ன கேட்பது?

ஒரு ஆசிரியர் கேட்டிருக்கிறார்: ‘பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகளின் செல்போன் பழக்கம் பற்றிப் பேசப் போகிறேன். முன்கூட்டியே கூகுள் ஃபார்மில் இருபது கேள்வி அனுப்பலாமா?’

இருபதா! அடுப்பில் குழம்பை வைத்துக்கொண்டு வாட்ஸ்அப் பார்க்கிறவர்கள் சார் அவர்கள். மூன்று போதும்.

ஆனால் எப்படிக் கேட்கிறீர்கள் என்பதுதான் விஷயம். வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு இது அலுத்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன்: கருத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். ‘பிள்ளை செல்போன் பார்ப்பது கவலையாக இருக்கிறதா?’ என்றால் எல்லோரும் ‘ஆம்’ என்று தட்டிவிடுவார்கள். அதை வைத்து என்ன பேசுவீர்கள்? ‘கடைசியாக செல்போனுக்காக வீட்டில் எப்போது சண்டை வந்தது, எதில் ஆரம்பித்தது?’ என்று கேளுங்கள்.

ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ‘சேமிப்பு பற்றித் தெரிந்துகொள்ள விருப்பமா?’ என்று அவர்கள் தயாரித்த தாளில் எல்லோரும் டிக் அடித்திருந்தார்கள். அதையே ‘போன தடவை பேங்க் போனபோது எந்த இடத்தில் தடுமாறினீர்கள்?’ என்று மாற்றிக் கொடுத்தோம். சலான் நிரப்புவது, நகைக்கடனைத் திருப்பி வைப்பது என்று வந்து குவிந்தது. ஒரு பாட்டி பேரனை விட்டு எழுதச் சொல்லியிருந்தார்: ‘எந்த கவுன்ட்டர் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.’ அன்றைக்குப் பேச்சில் பாதி நேரம் சலான்தான்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது, அதைத்தான் கேட்டிருக்க வேண்டும்: பதில் அனுப்பாதவர்களை என்ன செய்வது? 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகை யாருக்கு ஓட்டு என்று கேட்டு சுமார் 1 கோடி மாதிரி வாக்குச்சீட்டை அஞ்சலில் அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன்தான் ஜெயிப்பார் என்று எழுதினார்கள். அவரை எதிர்த்து நின்ற அதிபர் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வாரிக்கொண்டு போனார். முகவரிகளைத் தொலைபேசிப் புத்தகம், கார் பதிவுப் பட்டியல் மாதிரி இடங்களிலிருந்து எடுத்திருந்தார்கள். பொருளாதார மந்தக் காலத்தில் போனும் காரும் யாரிடம் இருக்கும்? வசதியானவர்களிடம்தானே? அது போக, சீட்டு கிடைத்தும் பெரும்பாலானவர்கள் திருப்பி அனுப்பவில்லை.

உங்கள் பள்ளியிலும் நைட் ஷிப்ட் போகிற அப்பா ஃபார்மைத் திறந்திருக்க மாட்டார். ராத்திரி பிள்ளை கையில் போன் இருப்பது அந்த வீட்டில்தானே? காலையில் கேட்டில் பிள்ளையை விட வரும்போது நாலு பேரை நிறுத்தி அதே மூன்று கேள்வியை வாய்மொழியாகக் கேளுங்கள். அப்புறம், ஃபார்மில் பெயர் கேட்க வேண்டாம், வகுப்பு போதும். பெயர் போட்டால் சண்டையே நடக்காத வீடாகத்தான் வரும்.

சரி, அடுத்த கேள்வி.