வாளி, பம்பு, குதிரை

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் ஓய்வுபெற்ற தீயணைப்பு அலுவலர்களே, நான் சொல்லவிருந்ததில் பாதியை எனக்கு முன்பே சொல்லி முடித்துவிட்ட பேராசிரியர் அவர்களே, பொன்னாடை போர்த்திய நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சின்ன ஊர்களில் தீயணைப்புப் படை எப்படித் தோன்றியது என்று பேசச் சொன்னார்கள். வாளி, பம்பு, குதிரை என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன். 'வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டினாற்போல' என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாளி. இன்றைய நியூயார்க் ஒரு காலத்தில் நியூ ஆம்ஸ்டர்டாம் என்ற சிறிய டச்சுக் குடியிருப்பு. 1648இல் அங்கே தீக் கண்காணிப்பாளர்களை நியமித்தார்கள். புகைபோக்கியைச் சுத்தம் செய்யாதவருக்கு அபராதம். அந்தப் பணத்தில் ஊருக்கு வாளி, ஏணி, கொக்கி! 1736இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளினும் நண்பர்களும் தன்னார்வப் படை தொடங்கினார்கள். சம்பளம் கிடையாது, மாதக் கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் மட்டும் உண்டு. நம் பொருளாளர் குறித்துக்கொள்ளலாம்.

அப்புறம் பம்பு. இருபுறமும் ஆட்கள் நின்று தண்டை மேலும் கீழும் அழுத்த வேண்டும். சில நிமிடங்களில் கை ஓய்ந்துவிடும். அடுத்த அணி ஓடி வரும். ஆனால் தொட்டியில் தண்ணீர் ஊற்றினால்தானே பம்பு வேலை செய்யும்? தண்ணீருக்கு எங்கே போவது?

அங்கேதான் கதை. அன்று பல ஊர்களில் தண்ணீர்க் குழாய் என்பது உள்ளே குடைந்த மரத்தடி. வீடு எரிகிறது. படை வருகிறது. வந்தவர்கள் என்ன செய்தார்கள்? மண்வெட்டியால் தெருவைத் தோண்டினார்கள்! ஆமாம், உண்மையாகவே தோண்டினார்கள். மரக்குழாய் தென்பட்டதும் துளை போட்டார்கள். பள்ளம் நிறைந்தது. அதிலிருந்து வாளியில் மொண்டு தொட்டியில் கொட்டினார்கள். இத்தனையும் நடக்கும்வரை நெருப்பு காத்திருக்குமா? நம் பாட்டி பழமொழியாகச் சொன்னதை அவர்கள் நேரிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள்! தீ அணைந்த பிறகு துளையில் மர ஆப்பு அடித்து மூடினார்கள். பிறகுதான் ஒருவருக்கு யோசனை வந்திருக்க வேண்டும்: ஆப்பு இருக்கும் இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டால், அடுத்த முறை பிடுங்கினால் போதுமே! போகப்போக, குழாய் பதிக்கும்போதே இடைவெளி விட்டு ஆப்பு வைத்தார்கள். தீயணைப்புப் படை குழாய் மாட்டித் தண்ணீர் எடுக்கும் தெருவோர ஹைட்ரண்டுக்கு முன்னோடி அந்த ஆப்புதான்.

சரி, அந்த ஹைட்ரண்டை நாம் என்ன செய்கிறோம்? அதை ஒட்டிக் காரை நிறுத்துகிறோம். குப்பைத் தொட்டியை வைக்கிறோம். சாலையை உயர்த்தி உயர்த்திப் புதைத்தும் விடுகிறோம். தீப்பிடித்த அன்று அதைத் தேடித் தோண்டினால், மறுபடியும் கிணறு வெட்டுகிற கதைதானே?

செயலாளர் எழுந்துவிட்டார். குதிரையைப் பற்றி இன்னொரு நாள். தலைவர் அவர்களிடம் ஒரே விண்ணப்பம்: ஹைட்ரண்டைச் சுற்றி மஞ்சள் வண்ணம் அடித்து, அங்கே வண்டி நிறுத்தத் தடை கேட்கும் தீர்மானத்தை இந்த மேடையிலேயே நிறைவேற்றித் தாருங்கள். கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. உணவுக் கூடத்துக்கு வழியும் அதுதான்.