காய்ச்சல் போய்விட்டது, மூட்டு வலி ஏன் போகவில்லை?

வணக்கம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் யாராவது மூட்டு வலி என்று வாயைத் திறந்தால் போதும், "நம்ம ஊர் தண்ணி அப்படி" என்று பதில் வந்துவிடும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது உண்மைதான், அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல் தொடங்கியும் வைத்தார்கள். ஆனால் ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து, அதோடு பிடித்த வலி மாசி பிறந்தும் விடவில்லை என்றால் பழியைத் தண்ணீர் மேல் போடாதீர்கள். கொசு பரப்பும் வைரஸ் காய்ச்சலான சிக்குன்குன்யாவைச் சந்தேகப்பட வேண்டும்.

(திரையில்: மணிக்கட்டு, விரல் மூட்டுகள், கணுக்கால் சிவப்பு நிறத்தில்)

ஃபுளோரைடு வலி வருடக்கணக்கில் மெல்ல ஏறும். கழுத்தும் முதுகும் இறுகிப்போய்க் குனிவதே சிரமமாகிவிடும், சின்ன வயதிலிருந்து அந்தத் தண்ணீரைக் குடித்தவர் என்றால் பல்லிலும் பழுப்புக் கறை இருக்கும். சிக்குன்குன்யா வலிக்கு நாள் நட்சத்திரமே சொல்லலாம்: இந்தக் கிழமை காய்ச்சல், அன்றைக்கே கால் ஊன்ற முடியவில்லை. கை விரல், மணிக்கட்டு, கணுக்கால் என்று பெரும்பாலும் இரண்டு பக்கமும் பிடிக்கும். காலையில் எழுந்ததும் விறைப்பு அதிகம், நடமாட நடமாடக் கொஞ்சம் இளகும்.

1952-ல் ஆப்பிரிக்காவின் தான்சானியாவில் பரவியபோது அடையாளம் காணப்பட்ட நோய் இது. 1960-களில் கல்கத்தா, சென்னை வரை வந்து, நடுவில் பல வருடம் காணாமல் போய், 2005 கடைசியில் திரும்பியது. 2006-ல் மட்டும் நாடு முழுக்க சுமார் 13.9 லட்சம் பேருக்குச் சிக்குன்குன்யாவாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட காய்ச்சல் வந்ததாகக் கணக்கு. அந்த வருடம் சுவரைப் பிடித்து நடந்தவர்கள் நம் ஊர்களிலும் உண்டு.

சரி, வைரஸ் ரத்தத்தில் இருப்பதே ஒரு வாரம் போலத்தான், வலி மட்டும் ஏன் மாதக்கணக்கில்? மூட்டின் உள்சவ்வில் வைரஸின் மிச்சங்கள் தங்கிவிட, அதைத் துரத்துகிறேன் என்று உடம்பின் எதிர்ப்பு சக்தியே அங்கே வீக்கத்தை அணையவிடாமல் வைத்திருக்கிறது என்பது ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் முக்கியக் காரணம். மூன்று மாதம் தாண்டினால் இது நாள்பட்ட நிலை. 45 வயது கடந்தவர்கள், பெண்கள், ஏற்கெனவே மூட்டுப் பிரச்சினை உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். குளிர் நாளில் வலி கூடினால் "மறுபடியும் வந்துடுச்சு" என்று பயப்படுகிறார்கள், ஒருமுறை வந்தால் பொதுவாக ஆயுசுக்கும் எதிர்ப்பு உண்டு, இது பழைய வலியே தலைதூக்குவது.

இந்த வலி உயிரை எடுக்காது, அதனாலேயே வீட்டில் யாரும் இதை நோயாக மதிப்பதில்லை, எனக்குக் கோபம் வருவது இங்கேதான். களி கிண்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். கொதிக்கிற மாவில் துடுப்பை இறுக்கிப் பிடித்து இரண்டு மணிக்கட்டையும் திருப்பித் திருப்பி அழுத்த வேண்டும், வீங்கின மணிக்கட்டோடு அது முடியுமா? ஜாக்கெட் கொக்கி மாட்ட மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது, பூப் பறிக்கப் போனால் பாதிக்கூடைகூட நிறைவதில்லை, ஓசூர் கம்பெனியில் நின்றபடி ஷிஃப்ட் பார்க்கிறவருக்கு லீவு போட்டால் சம்பளம் போச்சு. தூக்கம் கெடும், எரிச்சல் வரும், மனசும் சோர்ந்து போகும். "நல்லாத்தானே இருக்க, நடிக்கிற" என்ற பேச்சு வேறு.

அப்புறம் மெடிக்கலில் கவரில் மடித்துத் தரும் மாத்திரை. போட்டால் அன்றைக்கே ஓடியாடலாம், ஏனென்றால் அதில் பல நேரம் ஸ்டீராய்டு இருக்கும். மாதக்கணக்கில் விழுங்கினால் சர்க்கரை ஏறும், முகம் ஊதும், எலும்பு தேயும், நீண்ட நாள் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளை இஷ்டத்துக்குப் போட்டால் வயிறும் சிறுநீரகமும் கெடும். காய்ச்சல் இருக்கும்போதோ டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமால் மட்டும்தான்.

மூன்று மாதம் தாண்டிய வலிக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தர்மபுரியிலும் உண்டு, கிருஷ்ணகிரியிலும் உண்டு. காய்ச்சல் வந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையோடு கொண்டு போங்கள். முடக்குவாதமா என்று பார்க்க ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்ட்டி சிசிபி என்ற ரத்தப் பரிசோதனைகளை எடுக்கச் சொல்வார்கள். வீக்கம் அடங்காவிட்டால் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், மெத்தோட்ரெக்ஸேட் மாதிரி மருந்துகள் தருவதுண்டு, கூடவே கைக்கான பயிற்சியும். மெத்தோட்ரெக்ஸேட் எழுதினால் ஒன்று கவனம்: அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடுகிற மருந்து, தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.