கூரையில் மழை தேடும் இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

கூரை ஒழுகத் தொடங்கினால் நாம் முதலில் அண்ணாந்து பார்ப்பது அறையில் ஈரம் பூத்திருக்கும் இடத்தை. அதற்கு நேர் மேலே ஏறிப் போய்த் தேடுவோம், ஒன்றும் அகப்படாது. தண்ணீர் ஓரிடத்தில் நுழைந்து, கம்பியோரமாகவோ சட்டத்தின் மேலாகவோ ஓடி, வேறோர் இடத்தில்தான் சொட்டும். பெரும்பாலும் அது நுழைந்த இடம் ஏதாவது ஒரு மூட்டாக இருக்கும்: தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை, குழாய் தளத்தைத் துளைத்து வெளியே வரும் இடம், இரண்டு சரிவுகள் கூடும் கூடுவாய், ஓட்டுக் கூரையின் முகடு, பழைய வீட்டோடு புதிய அறையை ஒட்டிக் கட்டிய கோடு. பரந்து கிடக்கும் நடுப்பகுதி அவ்வளவு எளிதில் நம்மைக் கைவிடுவதில்லை.

மூட்டு ஏன் விட்டுக்கொடுக்கிறது? வெயில்தான் காரணம். பத்து மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் தளம், வெப்பம் 30 டிகிரி செல்சியஸ் கூடும்போது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீள்கிறது. அதே நீளத்து அலுமினியத் தகடு 7 மில்லிமீட்டர் நீளும். இரவில் இரண்டும் சுருங்கும். பக்கத்தில் நிற்கும் சுவரோ தன் கணக்கில் அசைகிறது. இப்படி ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் இரண்டு பொருள்களுக்கு நடுவே சிமெண்ட் கலவையை அப்பி அடைத்தால், ஒரு கோடைக்குள் மயிரிழை விரிசல் விழுந்துவிடும். மழைக்கு அது போதும்.

அடுத்ததாக எல்லோரும் தேடிப் போவது சிலிக்கோன் பசை. அதன்மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் பசையை மட்டும் நம்பி நிற்கும் மூட்டு எனக்குப் பிடிக்காது. பசை ஒருநாள் காய்ந்து உரியத்தான் போகிறது. அன்றைக்கும் தண்ணீரை வெளியே தள்ளும்படி மூட்டை அமைப்பதே வேலை. அதற்கான விதி மிகவும் பழையது: மேலே உள்ளது கீழே உள்ளதன்மேல் படிந்திருக்க வேண்டும், மீன் செதிலைப் போல. தண்ணீர் இறங்கும் பாதையில் எந்த விளிம்பும் அதை எதிர்த்து நிற்கக் கூடாது.

தளமும் சுவரும் சேரும் மூலையை எடுத்துக்கொள்வோம். நீர்த்தடுப்பு விரிப்பைச் செங்கோணத்தில் மடித்தால் மடிப்பிலேயே அது கிழியும். ஆகவே மூலையில் முதலில் கலவையைச் சாய்வாகப் பூசிக் கூர்மையை எடுத்துவிட வேண்டும். பிறகு விரிப்பைத் தளத்திலிருந்து சுவரில் குறைந்தது 150 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஏற்ற வேண்டும். தெறிக்கும் மழைக்கும், வடிகுழாய் அடைத்துக்கொண்டால் தேங்கும் நீருக்கும் அந்த உயரம் வேண்டும். பல வேலையாட்கள் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கோளாறு தொடங்குவதே இங்கேதான். சுவரில் வழிந்து வரும் நீர், ஒட்டிய விரிப்பின் மேல் விளிம்பில் மோதி, மெல்ல அதன் முதுகுப் பக்கம் இறங்குகிறது. சுவரில் 25 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் காடி, அதாவது நீளமான ஒடுங்கிய பள்ளம், வெட்டி, அந்த விளிம்பை அதற்குள் செருகிப் பூச வேண்டும். அல்லது காடியிலிருந்து ஒரு தகட்டை இறக்கி விளிம்பை மூட வேண்டும். அந்தத் தகடு சுவரை மட்டும் பிடித்திருக்கட்டும். தளத்தோடும் சேர்த்து ஆணி அடித்தால், நீள்வதற்கு இடமில்லாமல் தகடு முறுக்கிக்கொள்ளும்.

கைப்பிடிச் சுவரின் தலையையும் மறந்துவிடக் கூடாது. அதன் மேற்பரப்பு தளத்தை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். வெளியே நீட்டும் விளிம்பின் அடியில் விரல் நுனி அளவு காடி ஒன்று ஓடட்டும். காடி இல்லாவிட்டால் நீர் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டே நகர்ந்து சுவருக்குத் திரும்பிவிடும். இருந்தால் அதன் ஓரத்திலேயே சொட்டிவிடும்.

தகரக் கூரையில் வேறொரு தந்திரம் நடக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிப் படிந்த இரண்டு தகடுகளுக்கு நடுவே நீர் தானாகவே மேலேறும். சரிவு குறையக் குறைய இந்தத் தொல்லை கூடும். ஆகவே சாதாரணச் சரிவுக்கு மேற்படிவு, அதாவது ஒரு தகடு மற்றொன்றின்மேல் படியும் அளவு, 150 மில்லிமீட்டர் வேண்டும். தட்டையான கூரைக்கு இன்னும் அதிகம். பக்கவாட்டு மேற்படிவின் திறந்த விளிம்பு, மழைக்காற்று வரும் திசைக்கு முதுகு காட்ட வேண்டும். நெளிதகட்டில் திருகாணி மேட்டில் இறங்கட்டும், தண்ணீர் ஓடும் பள்ளத்தில் வேண்டாம். அதன் அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தை அளவுக்கு மீறி இறுக்கினால் அது பிதுங்கி வெடிக்கும். வெயிலில் கிடந்து வெடித்த வளையத்தை மாற்றத்தான் வேண்டும். மேலே பசை தடவுவது வீண்.

பசைமேல் பகை இல்லை என்றேனே, அதற்கும் இடம் உண்டு. இரண்டு பக்கமும் உலர்ந்து, தூசி இல்லாமல் இருந்தால்தான் அது பிடிக்கும். மூட்டில் நிரப்பும் பசையின் அகலம் இரண்டு பங்கு என்றால் ஆழம் ஒரு பங்கு போதும். அடியில் நுரைக் கயிறு ஒன்றை வைத்துவிட்டால் பசை இரு பக்கங்களை மட்டும் பற்றி, தாராளமாக இழுபடும். மூட்டின் அடிப்பக்கத்தையும் பற்றிக்கொண்டால் கிழியும். வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். வினிகர் நெடி அடிக்கும் வகை கான்கிரீட்டில் சரியாக ஒட்டாது, துத்தநாகம் பூசிய தகட்டையும் அரிக்கும். நெடி இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் மழைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ரப்பர் குழாயில் தண்ணீரைத் திறந்து, சந்தேகப்படும் இடத்தின் கீழ்ப்பகுதியில் முதலில் விடுங்கள். பத்து நிமிடம் பொறுத்து அடுத்த மூட்டுக்கு மேலே நகருங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லா மூட்டுகளும் ஒரே நேரத்தில் நனையும், எது குற்றவாளி என்று தெரியாமல் போகும். உள்ளே ஒருவர் விளக்கோடு நின்று, முதல் ஈரம் தெரிந்ததும் குரல் கொடுக்கட்டும். தட்டையான தளமென்றால் வடிகுழாயை அடைத்து, தளம் தாங்கும் பாரம் தெரிந்தபின், 25 மில்லிமீட்டர் அளவுக்கு நீர் கட்டி ஒருநாள் முழுக்க விட்டுப் பார்க்கலாம். சோதனை முடிந்ததும் வடிகுழாயில் செருகிய துணியை எடுத்துவிட மறக்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.